நேரம் எங்கே கிடைக்கிறது என்று கேட்டாயே

அன்புத் தோழிக்கு,

அம்மா கைத்தடி இல்லாமல் வாசல்வரை நடந்தார்கள் என்று நீ எழுதியிருந்த வரியை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். முழங்கால் அறுவை முடிந்து வந்தவர்களுக்கு ஆரம்ப வாரங்கள்தான் கஷ்டம். வலிக்கிறதென்று பயிற்சியை மட்டும் விட்டுவிட வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். நீ சொன்னால் கேட்கமாட்டார்கள், நான் சொன்னால் கேட்பார்கள். உன் பெரியவன் பரீட்சை எப்படி எழுதியிருக்கிறான்? அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே. நல்ல சேதியைத் தனியாக எழுதலாம் என்று வைத்திருக்கிறாய் போல.

நீ கேட்டதில் சுலபமான கேள்விக்கு முதலில் பதில். இங்கே இலையுதிர் காலத்தில் எடுத்து நான் அனுப்பிய படத்தில் மரம் அவ்வளவு சிவப்பாக இருந்தது நிஜமா, கேமரா செய்த வேலையா என்று கேட்டிருந்தாய். நிஜம்தான்டி. நேரில் பார்த்தால் இன்னும் அதிகம். பகல் பொழுது குறைய ஆரம்பித்ததும் மரம் இலைக்குப் போகிற பாதையை அடைக்கத் தொடங்கிவிடுகிறது. காம்பு கிளையோடு சேருகிற இடத்தில் மெல்லிய அடுக்கு ஒன்று வளர்கிறது. புதிதாகப் பச்சையம் உண்டாவது நின்று, இருப்பதும் சிதைகிறது. அப்போது தெரியும் மஞ்சளும் ஆரஞ்சும் கோடை முழுக்க இலைக்குள்ளேயே இருந்தவை. பச்சை மறைத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். சிவப்பு வேறு கதை. வெளியேற வழியில்லாமல் இலையில் தங்கிப்போன சர்க்கரையிலிருந்து அந்தப் பருவத்தில்தான் அது உருவாகிறது. ஆந்தோசயனின் என்கிறார்கள். பகலில் பளிச்சென்ற வெயில், இரவில் உறைந்துபோகாத குளிர், இரண்டும் சேர்ந்து அமைந்தால் அந்த ஆண்டு சிவப்பு தூக்கலாக இருக்கும். இதையெல்லாம் என் சின்னவனிடம் சொன்னேன். "அப்ப மஞ்சள் இத்தனை நாளா உள்ளே ஒளிஞ்சிக்கிட்டு இருந்துச்சா?" என்று கேட்டுவிட்டு, அன்று முழுக்கப் பச்சை இலையாகப் பார்த்துப் பார்த்துக் கிள்ளி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் தேடிக்கொண்டிருந்தான்.

வீடு எப்படி இருக்கிறது என்றால், கால் வைக்க இடமில்லை. கோடையில் வெளியே திரிந்த பிள்ளைகள் உள்ளே வந்துவிட்டார்கள். அவர்களோடு பந்து, சேற்றுக் காலணி, பாதியில் நிற்கிற அட்டைப்பெட்டிக் கப்பல் எல்லாம் வந்துவிட்டன. செப்டம்பர் 22 அல்லது 23-ஆம் தேதி பகலும் இரவும் ஏறக்குறையச் சமமாகும் என்று படித்திருப்போம். அதை ஒட்டிய வாரங்களில்தான் பகல் மிக வேகமாகக் குறைகிறது என்பதை நான் இங்கே வாழ்ந்துதான் உணர்ந்தேன். போன வாரம் ஜன்னலோரம் வெளிச்சத்தில் செய்த வேலைக்கு இந்த வாரம் விளக்குப் போட வேண்டியிருக்கிறது. பள்ளி திறந்ததும் யாராவது ஒருவர் இருமலைக் கொண்டுவருவார். அது வரிசை தவறாமல் எல்லோரையும் ஒரு சுற்றுச் சுற்றும். என் வீட்டுக்காரருக்கு இப்போது மாலை ஷிப்ட். கம்பளித் துணிகளை வெளியே எடுத்து உதறி, அந்துப்பூச்சி அரித்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். பறக்கிற பூச்சி துணியைத் தின்னாது, அதன் புழுதான் தின்னும். அதனால் பூச்சி கண்ணில் பட்டால் வேலை முன்பே நடந்துவிட்டது என்று அர்த்தம்.

அன்றைக்கு ஒருநாள் இரவு ஒன்பது மணிக்கு மேல், பல் தேய்த்துவிட்டுப் படுக்கப் போன சின்னவன் அறை வாசலில் நின்று, "நாளைக்கு இலைத் தொகுப்பு கொண்டு போகணும்" என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை. மூத்தவள்தான் டார்ச்சை எடுத்துக்கொண்டு முதலில் செருப்பை மாட்டினாள். பதின்மூன்று வயதானதிலிருந்து அவள் எங்களோடு எங்கேயும் வருவதில்லை, உனக்குத் தெரியும். தெருவிளக்கு வெளிச்சத்தில் மூன்று பேரும் குனிந்து குனிந்து பொறுக்கினோம். மேப்பிள், ஓக், பிர்ச், பெயர் தெரியாத இன்னும் சில. இலையைக் கனமான புத்தகத்துக்குள் வைத்து அழுத்தினால் காய ஒரு வாரமாவது வேண்டும். அவசரத்துக்கு இரண்டு தாளுக்கு நடுவே வைத்து, ஆவியை நிறுத்திவிட்டு, குறைந்த சூட்டில் இஸ்திரி போட்டால் அரை மணியில் எல்லாம் தட்டையாகிவிடும். சூடு பட்டதும் நனைந்த மண்ணும் பழைய காகிதமும் கலந்த ஒரு வாசனை அறை முழுக்க எழும்பியது. மூத்தவள் நல்ல எழுத்தில் பெயர்களை எழுதி ஒட்டிக்கொடுத்தாள். படுக்கும்போது மணி பதினொன்று. அந்த இரவை நான் எதற்காகவும் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

இப்போது உன் கஷ்டமான கேள்விக்கு வருகிறேன். "உனக்கு மட்டும் நேரம் எங்கேடி கிடைக்கிறது? நான் தூரிகையைத் தொட்டே வருஷக்கணக்காகிறது. பிள்ளைகள் தலையெடுக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று வைத்துவிட்டேன்" என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை நான் பல தடவை படித்தேன். கல்லூரி விடுதியில் எல்லோரும் தூங்கிய பிறகு மேசை விளக்கைத் துணியால் மறைத்துக்கொண்டு நீ வரைந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. உன் கை அப்படி. அலை ஓய்ந்து கடலாட முடியுமா, சொல். இன்றைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க வேண்டும், நாளைக்குக் கல்லூரிக்குப் பணம் கட்ட வேண்டும், அதற்கப்புறம் பெரியவர்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். காத்திருந்தால் காத்துக்கொண்டேதான் இருப்போம்.

எனக்கு நேரம் கிடைப்பதில்லை. துண்டு துண்டாகத்தான் வருகிறது. நீச்சல் வகுப்பு வாசலில் கொஞ்சம், மருத்துவரைப் பார்க்க உட்கார்ந்திருக்கும்போது கொஞ்சம், அடுப்பில் ஏதோ வேகும்போது கொஞ்சம். அதனால் நான் கேட்கிற முதல் கேள்வி, எந்த வேலை நடுவில் நிறுத்தினால் தாங்கும் என்பதுதான். பிடித்த வேலை எது என்பது அதற்கப்புறம். சில வேலைகள் "அம்மா" என்ற ஒரு கூப்பிடலில் பாழாகும். சில வேலைகள் மூன்று நாள் மூலையில் கிடந்தாலும் விட்ட இடத்திலேயே நமக்காக இருக்கும். குழந்தை வளர்க்கிறவர்களுக்கு இந்தப் பிரிவினை தெரிந்திருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். யாரும் சொல்லித்தருவதில்லை. கைவேலை கைவிட்டுப் போனதற்கு நம்மிடம் ஒழுங்கு இல்லை என்றே நினைத்துக்கொள்கிறோம்.

கம்பளிப் பின்னல் நிறுத்தினால் தாங்குகிற வேலை. வரிசை முடிகிற இடத்தில் ஊசியைச் செருகிப் பைக்குள் போட்டுவிடலாம். சின்னவனுக்கு நான் பின்னிய அந்த நீல ஸ்வெட்டரைப் படத்தில் பார்த்திருப்பாய். அது கழுத்தில் ஆரம்பித்துக் கீழ்நோக்கிப் பின்னியது. அப்படிப் பின்னியதற்குக் காரணம் உண்டு. பின்னலை முடித்த பக்கத்திலிருந்துதான் சுலபமாகப் பிரிக்க முடியும். கழுத்தில் ஆரம்பித்தால் முடிவு இடுப்பிலும் மணிக்கட்டிலும் வரும். பிள்ளை வளர வளர ஓரத்தைப் பிரித்து, கண்ணிகளைத் திரும்ப ஊசியில் ஏற்றி, நீளத்தைக் கூட்டிக்கொண்டே போகலாம். அதே நீலம் திரும்பக் கிடைக்கவில்லை. அதனால் ஒவ்வொரு இலையுதிர் காலத்துக்கும் அவனையே நிறம் தேர்ந்தெடுக்கச் சொன்னேன். கீழ் ஓரத்தில் கடுகு மஞ்சளில் ஒரு பட்டை, அதற்குக் கீழே செங்கல் நிறம், இந்த ஆண்டு பாசிப் பச்சை. செங்கல் பட்டைதான் எல்லாவற்றிலும் அகலம். அந்த ஆண்டு திடுதிப்பென்று உயர்ந்தான். கையிலும் அதே வரிசை. அவன் நண்பர்களிடம் பட்டையைத் தொட்டுக் காட்டி, "இது நான் ஒண்ணாம் வகுப்பு, இது ரெண்டாம் வகுப்பு" என்று சொல்வதைக் கேட்டேன்.

அந்த ஸ்வெட்டருக்கு நல்ல கம்பளி வாங்கினேன் என்பதில் எனக்குத் திருப்தி. கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சிக்கொண்ட பிறகும் தொட்டால் ஈரமாகத் தெரியாது, சூட்டையும் விடாது. தூறலில் விளையாடுகிற பையனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்.

இப்போது மனம் முழுக்க இன்னொன்றில் இருக்கிறது. சயனோடைப். கேள்விப்பட்டிருப்பாய். 1842-இல் ஜான் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி கண்டுபிடித்த நீலப் படமுறை. பழைய கட்டட வரைபடங்கள் நீலத் தாளில் வெள்ளைக் கோடாக இருக்குமே, அதே முறைதான். இரண்டு இரும்பு உப்புகளைத் தண்ணீரில் கரைத்து, கலந்து, தாளிலோ துணியிலோ தடவி இருட்டில் காயவைக்க வேண்டும். அதன்மேல் இலையை வைத்து, கண்ணாடியால் அழுத்தி வெயிலில் வைத்தால், வெயில் பட்ட இடம் நீலமாகும். இலை மறைத்த இடம் வெள்ளையாக நிற்கும். கேமரா வேண்டாம், இருட்டறை வேண்டாம், ஜன்னல் திரையை இழுத்துவிட்ட ஒரு அறை போதும். கழுவத் தண்ணீர் மட்டும் போதும். இதில் எனக்கு மிகவும் பிடித்த சேதி ஒன்று உண்டு. ஹெர்ஷலுக்கு அடுத்த ஆண்டே, 1843-இல், அன்னா அட்கின்ஸ் என்ற பெண்மணி இந்த முறையில் கடற்பாசிகளைப் படமாக்கத் தொடங்கினார். அவரைக் குழந்தையிலிருந்து வளர்த்து அறிவியல் பழக்கியவர் அவருடைய தந்தை ஜான் ஜார்ஜ் சில்ட்ரன். தாய் சீக்கிரமே இறந்துவிட்டார். ஒரு அப்பா தன் பெண்ணைத் தன் வேலைக்குப் பக்கத்தில் உட்கார வைத்ததில் இவ்வளவு வந்திருக்கிறது.

செய்யும்போது கண்ணெதிரே நடப்பதைச் சொல்கிறேன் கேள். தாள் முதலில் இளம் மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும். வெயிலில் வைத்தால் மெல்ல நீலம் ஏறி, பிறகு சாம்பல் படிந்து, பார்த்தால் கெட்டுப்போய்விட்டது என்றே தோன்றும். அந்த நேரத்தில் எடுத்துத் தண்ணீரில் போட வேண்டும். மஞ்சள் கரைந்து ஓட ஓட அடியிலிருந்து நீலம் வரும். காய்ந்த பிறகும் ஒருநாள் வரைக்கும் ஆழமாகிக்கொண்டே இருக்கும். முழு இலையைவிட எனக்குப் பூச்சி அரித்த இலைதான் பிடிக்கிறது. அழுகி, சதையெல்லாம் போய் நரம்பு மட்டும் மிஞ்சிய சருகு கிடைத்தால் விடுவதே இல்லை; ஒவ்வொரு கண்ணி இடைவெளியும் தனித்தனி நீலப் புள்ளியாக விழும். சின்னவன் இப்போது அழகான இலைகளைத் தாண்டிப் போய் ஓட்டை விழுந்ததாகப் பொறுக்கிக்கொண்டு வருகிறான்.

இலையுதிர் காலத்தில் இதற்கு ஒரு தடை. சூரியன் தாழ்வாக வருவதால் அதன் புற ஊதாக் கதிர் நிறைய காற்றைக் கடந்து வர வேண்டியிருக்கிறது. கோடையில் சில நிமிஷங்களில் முடிந்தது இப்போது பல மடங்கு நேரம் எடுக்கிறது. எனக்கு அது வசதியாகப் போயிற்று. கண்ணாடிச் சட்டத்தை வாசலில் வைத்துவிட்டுத் துணி மடிக்கலாம், வீட்டுப்பாடம் பார்க்கலாம், இருமலுக்கு மருந்து கொடுக்கலாம். கொஞ்சம் தாமதமானாலும் ஒன்றும் குடிமுழுகிவிடாது. வேலை நமக்காகக் காத்திருக்கிறது என்று சொன்னேனே, இது அந்த ரகம்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். நீ வரைந்ததெல்லாம் பெரிய தாளில், ஈரத்தின் மேலேயே ஈரமாகத் தீட்டுகிற முறையில். தாள் காய்வதற்குள் முடித்தாக வேண்டும். நடுவில் யாராவது கூப்பிட்டால் அந்த வானம் போச்சு. நீ விட்டதற்குக் காரணம் அந்த முறைக்குத் தொடர்ந்து ஒரு மணி நேரம் வேண்டும் என்பதுதான், உன் ஆசை குறைந்ததனால் என்று நான் நம்பவே மாட்டேன். முறையை மாற்று. தபால் அட்டை அளவுக்குத் தாளை வெட்டிக்கொள், 105-க்கு 148 மில்லிமீட்டர். 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம்) பருத்தித் தாளாக இருந்தால் தண்ணீர் பட்டாலும் அவ்வளவாக நெளியாது. ஒருநாள் பென்சில் கோடு மட்டும். மறுநாளோ அடுத்த வாரமோ அழியாத மையில் கோடு. அது நன்றாகக் காய்ந்த பிறகு எப்போது பத்து நிமிஷம் கிடைக்கிறதோ அப்போது ஒரு வண்ணம். ஒவ்வொரு கட்டமும் காய்ந்தபிறகுதான் அடுத்தது என்பதால் எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம். கட்டியாக வருகிற நீர்வண்ணப் பெட்டி வாங்கு. அதில் இருப்பது கருவேலப் பிசின் வகை. காய்ந்து கிடந்தாலும் ஈரத் தூரிகை பட்டதும் திரும்பக் கரையும். கழுவி எடுத்துவைக்கிற வேலை இல்லை. அக்ரிலிக் பக்கம் இப்போதைக்குப் போகாதே. தட்டில் நிமிஷத்தில் இறுகிவிடும், திரும்பக் கரையாது, தூரிகையும் போய்விடும்.

இன்னொன்று, பெட்டியை உள்ளே வைத்துப் பூட்டாதே. எடுத்துப் பரப்பவே கால் மணி நேரம் ஆனால் கிடைத்த பத்து நிமிஷமும் போயிற்று. என் பின்னல் பை சோபா கைப்பிடியில் தொங்குகிறது. வருகிறவர்கள் பார்த்தால் பார்க்கட்டும்.

உன் வீட்டுக்காரர் "இதை விற்றால் என்ன" என்று கேட்டதாக எழுதியிருந்தாய். ஆசையாகத்தான் கேட்டிருப்பார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. என்னையும் கேட்கிறார்கள். எனக்கு இதில் தெளிவான எண்ணம் உண்டு. குடும்பத்துக்குப் பணம் வேண்டும் என்றால் விற்பது நல்ல வேலை, மரியாதையான வேலை. விலை வைத்துவிட்டால் தேதி வந்துவிடும், ஒரே மாதிரி பத்து வேண்டும் என்பார்கள், அளவு சரியில்லை என்று திருப்பி அனுப்புவார்கள். அதைச் சமாளிக்கத் தெம்பு இருக்கிறவர்கள் செய்யட்டும். என் நாளில் ஏற்கனவே எல்லாவற்றுக்கும் தேதி இருக்கிறது. யாரும் கேட்காமல், யாருக்கும் பதில் சொல்லாமல் என் கை ஒன்றைச் செய்து முடிக்கிற இடமாக இது ஒன்றாவது இருக்க வேண்டும். நீ இப்போதுதான் திரும்பத் தொடங்கப்போகிறாய். முதல் ஆண்டு விற்பனைப் பேச்சே வேண்டாம் என்று அவரிடம் சொல்லிப் பார். புரிந்துகொள்வார்.

பிள்ளைகளோடு சேர்ந்துதான் செய்ய வேண்டும் என்றும் நினைக்காதே. சில நாள் சேர்ந்து செய்கிறோம். சில நாள் "இது அம்மாவோட நேரம்" என்று சொல்கிறேன், கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் சொல்கிறேன். சின்னவன் அழுது பார்த்தான், இப்போது பக்கத்தில் உட்கார்ந்து தன் வேலையைப் பார்க்கிறான். மூத்தவளுக்குப் பின்னல் பிடிக்கவில்லை, பிடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. அவள் கணினியில் எழுத்துருக்கள் வடிவமைக்கிறாள். அந்த இலைத் தொகுப்பில் எழுதிய எழுத்தைப் பார்த்து ஆசிரியர் யார் எழுதியது என்று கேட்டாராம். வந்து சொன்னபோது அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

உன் சின்னவளுக்கு இந்த ஆண்டு ஒரு ஸ்வெட்டர் பின்ன ஆசை. உங்கள் பக்கம் அவ்வளவு குளிராது, தெரியும். மெல்லிய நூலில் பின்னுகிறேன், மலைப் பக்கம் போகும்போது போட்டுக்கொள்ளட்டும். அளவு எடுக்கும்போது உடம்பில் எடுக்காதே. அவளுக்கு இப்போது நன்றாகப் பொருந்துகிற சட்டை ஒன்றைத் தரையில் தட்டையாக விரித்து, அக்குளுக்கு அக்குள் எத்தனை சென்டிமீட்டர், தோளிலிருந்து கீழ் ஓரம்வரை எத்தனை, கை நீளம் எத்தனை என்று எழுதி அனுப்பு. நிறத்தை அவளே சொல்லட்டும். நீ சொல்லாதே.

பதிலுக்கு எனக்கு ஒரு தபால் அட்டை வேண்டும். உன் ஜன்னலில் என்ன தெரிகிறதோ அது. வண்ணம் முடியாவிட்டால் கோட்டோடு அனுப்பு, நான் வைத்துக்கொள்கிறேன்.

அம்மாவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு முத்தம்.

என்றும் அன்புடன்,
உன் தோழி

பி.கு.: இந்தக் கடிதத்தோடு ஒரு நீலத் துணி வைத்திருக்கிறேன், நரம்பு இலை போட்டது. துவைக்க வேண்டுமென்றால் வெறும் தண்ணீரில் அலசு. சோடா, காரச் சோப்பு எதுவும் பட்டால் நீலம் மஞ்சளாகிவிடும். வெயிலில் மாட்டி வைத்து வெளுத்துப்போனால் கவலைப்படாதே. கொஞ்ச நாள் அலமாரியில் இருட்டில் போட்டு வை, நீலம் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும்.